கொழும்புத் தக்காளிக்கு வசந்தம் எப்போது?

வணக்கம் நேயர்களே. வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். நான் விவசாயம் படித்தவள் இல்லை, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடியில் பழைய பெயின்ற் வாளிகளில் தக்காளி வைத்து, பல தடவை தோற்று, அப்புறம் கொஞ்சம் பிடிபட்டவள், அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதக் கடைசியில் தக்காளி விதையைச் சின்னக் கோப்பைகளில் போட்டு ஜன்னலோரம் வைத்துப் படம் அனுப்புவாள். அங்கே மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறை வரும்வரை பெரும்பாலும் கன்றை வெளியே நடமாட்டார்கள், அவசரப்பட்டு நட்டால் ஒரேயொரு இரவு உறைபனி போதும், கன்று கருகிவிடும். "உனக்கென்னடி, கொழும்பில் வருஷம் முழுக்க வெயில், எப்பவும் நடலாம்" என்பாள். நானும் அதை நம்பினேன்.

2022 ஜூனில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்களே, அந்தக் காலத்தில்தான் தொடங்கினேன். தென்மேல் பருவமழை நேரம். கன்றுகள் நனைந்து, இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, கீழிருந்து மேலாக அழுகிப் போயின. சரி, மழைதான் பிழை என்று அடுத்த வருஷம் மாசியில் விதை போட்டுச் சித்திரையில் பூக்க விட்டேன். செடி என்னவோ இடுப்புயரம், கரும்பச்சை, பார்க்கிறவர்கள் எல்லாம் கண்வைக்கிற அழகு. பூவும் கொத்துக் கொத்தாக வந்தது. காய் ஒன்றுகூட இல்லை. காம்போடு பூ உதிர்ந்து வாளிக்குள்ளேயே கிடந்தது. உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போட்டேன், இலைதான் இன்னும் பெருத்தது.

அது உரக்குறை இல்லை. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் எதிரி. இரவு 15 முதல் 20 பாகை இருந்தால் அதற்குச் சொர்க்கம், 24, 25க்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு, பூ காயாக மாறாமல் விழுந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கொழும்பில் நடுச்சாமத்திலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியுமா? நமக்கே முடியாதபோது அதற்கு எப்படி முடியும்? இரவு குளிரும் மலைநாட்டு வெலிமடையில் தக்காளி அப்படிக் காய்ப்பது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது.

ஆக, நமக்கு உறைபனி இல்லை, அதற்குப் பதிலாக இந்தப் புழுக்கம் இருக்கிறது. கொழும்புத் தக்காளியின் வசந்தம் மார்கழியும் தையும்தான், விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடத் தோன்றுகிற அந்தச் சில கிழமைகள். பூ அந்த நேரத்தில் வரவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: ஒக்ரோபர் கடைசியில் பொலித்தீன் கூரைக்குக் கீழே விதை, மூன்று மூன்றரைக் கிழமையில் கன்றை வாளிக்கு மாற்றுவது, மாசி பங்குனியில் பழம். விதைக்கு விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, ரஜித போன்ற நம் நாட்டு இனங்களைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் படம் போட்ட பைக்கற்றுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்கானவை, பார்க்க நன்றாக இருக்கும்.

கன்றை மாற்றும்போது அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். மிளகாய், கத்தரி வைத்த பழைய மண்ணில் மட்டும் வைக்காதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும். அதிலும் பற்றீரியா வாடல் பொல்லாதது. காலையில் நன்றாக நிற்கும் செடி மத்தியானம் பச்சையாகவே துவளும், தண்ணீர் ஊற்றினாலும் எழும்பாது. சந்தேகம் என்றால் தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் அதுதான். மருந்து தேடி அலையாமல் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணைப் பக்கத்து வாளிக்குக் கொட்டாதீர்கள் (நான் கொட்டினேன், மூன்று செடி போனது).

பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல ஆகிறதே என்று நிறையப் பேர் கேட்பார்கள், உடனே யாராவது முட்டைக்கோது போடு என்பார்கள். கல்சியம் பழத்துக்குப் போய்ச் சேராததுதான் காரணம், ஆனால் பெரும்பாலும் மண்ணில் கல்சியம் இல்லாமல் இல்லை, நாம் இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வாளி நிறைய ஊற்றுவதுதான் வினை. தினமும் கொஞ்சம் ஊற்றினால் போதும், மேலே தும்புத்தூள் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். வாளிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம். எங்கள் மாடிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்தபோது தக்காளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, தட்டுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

வருஷப்பிறப்புக்கு நல்ல நாள் பார்த்துத் தக்காளி நடப்போகிறவர்களுக்கு: வேண்டாம். அந்த வாளிகளில் வெண்டி, பயற்றை, பசளி, கங்குங் போடுங்கள், சித்திரைப் புழுக்கம் அவற்றுக்குப் பிடிக்கும். ஏற்கெனவே காய் நிற்கிறது என்றால், லேசாகச் சிவப்புத் தட்டியதுமே பறித்து அடுப்படியில் வையுங்கள். முப்பது பாகைக்கு மேல் செடியில் விட்டால் சரியாகச் சிவக்காமல் மஞ்சளாக நிற்கும், அதற்குள் அணிலும் வந்துவிடும்.

என் கடைசி மூன்று பழமும் நேற்றுச் சொதிக்குப் போய்விட்டது. அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு இலை விட்ட கன்றின் படம் ஒன்று பதிலுக்கு வந்தது.