தஞ்சாவூர் ஓவியமும் வீவக வீட்டு ஏசியும்

[காட்சி: சாமி அறைச் சுவரில் தஞ்சாவூர் கிருஷ்ணர். கைப்பேசி டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது.]

விளக்கை இப்படிச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கன்னத்துக்குப் பக்கத்தில் முடியளவு வெடிப்பு, ஓரத்தில் லேசாகத் தூக்கி நிற்கும் வண்ணம். யாரும் கை வைக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த வெடிப்பு இது.

[காட்சி: ஓவியத்தின் அடுக்குகள், வரைபடமாக]

அடியில் பலகை. பழைய வேலை என்றால் பெரும்பாலும் பலா. அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப் பூச்சு, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவில் எழுப்பிய நகை வேலை, தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சுக்கு அந்த நெளிவு கிடையாது. மரம் அசைய அசைய அது வெடிக்கிறது.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். சரி, வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், ஏசி போட்டால் போதுமே என்போம். இரவெல்லாம் ஏசியில் அறை காய்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரம் திரும்புகிறது. பலகைக்குத் தினமும் இதே கூத்து. அதைவிட ஏசியே இல்லாத, நல்ல காற்றோட்டமான கூடம் எவ்வளவோ மேல். அருங்காட்சியகங்கள் இரவு பகலாக ஒரே நிலையில் குளிரூட்டுவது இதற்காகத்தான். நாட்டின் சேகரிப்பைப் பராமரிக்கும் ஜூரோங் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்திலும் அப்படித்தான்.

அப்புறம் ரேக்கு. அசல் தங்கம் கறுக்காது. தங்கம் என்ற பெயரில் ஒட்டப்படும் பித்தளைத் தகடு கறுக்கும். வாங்கும்போது சாமியின் அழகை மட்டும் பார்க்காமல், ‘பலகை என்ன, ரேக்கு என்ன?’ என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

[காட்சி: பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு]

தாத்தாவின் படம் தமிழ் முரசில் வந்தது என்று வெட்டி வைத்திருப்பீர்கள். செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் நிறைய. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும். அதன் அமிலம் பக்கத்திலிருக்கும் நல்ல தாளையும் கறையாக்கும். தனி உறையில் வையுங்கள்.

நீர்வண்ணத்துக்கும் பட்டுக்கும் வெளிச்சமே எதிரி. அருங்காட்சியகங்களில் இவற்றுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தான். இருட்டாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். வெளுத்த சாயத்தை எந்த வல்லுநராலும் மீட்க முடியாது.

[காட்சி: சட்டத்தின் பின்புறம், மூலைகளில் தக்கைத் துண்டுகள்]

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் படத்தை மாட்டாதீர்கள். வேறு இடமில்லையென்றால் நான்கு மூலைகளிலும் தக்கை ஒட்டி, பின்னால் காற்றுக்கு வழி விடுங்கள். குத்துவிளக்கையும் தள்ளி வையுங்கள், புகை படியும். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் ஈரத்துணி மட்டும் வேண்டாம். இந்த ஓவியங்களில் பல நீரில் கரையும் வண்ணத்தில் தீட்டியவை. பூசணத்தோடு கிருஷ்ணரின் நீலமும் துணியில் வந்துவிடும்.