ராத்திரியில் ஏற்றிய ஐஸ்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது காசிமேடு. வெப்பத்தைத் தடுக்கும் காப்புகள் செய்வது என் வேலை. அதில் எனக்கு முதல் வாத்தியார் எங்கப்பா.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர். ஐஸ் ஏற்றுவது எப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான். மீன்பாடி வண்டியில் ஐஸ் பார்கள் ஈரச் சாக்கு போர்த்தி வந்து நிற்கும். சாயங்காலமே ஏற்றினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். என் கையைப் பிடித்து, மீன் வைக்கும் அறையின் பலகையில் அழுத்தினார். வெயில் இறங்கியும் சுட்டது. "இதுல கொட்டினா பாதி ஐஸு பலகையைக் குளிர வைக்கவே பூடும்டா" என்றார். ஐஸ் தாங்கும் நாள் வரைக்கும்தான் படகு கடலில் நிற்க முடியும்.

அகச்சிவப்பு என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான். தூசி மேகத்துக்குள் பிறக்கும் விண்மீன்களை அகச்சிவப்பில் பார்க்கலாம். ஆனால் வெதுவெதுப்பான எந்தப் பொருளும் அதே ஒளியை வீசும், தொலைநோக்கியும் வீசும். அதனால் கருவியை மைனஸ் 260 டிகிரிக்கும் கீழே குளிர்விக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐஸ், திரவ ஹீலியம். 1983-இல் பறந்த ஐராஸ் என்ற தொலைநோக்கியில் அது 10 மாதத்தில் தீர்ந்தது. வேலையும் அதோடு நின்றது.

அப்புறம் அடுத்த தொலைநோக்கிக்கு நாசா போட்ட திட்டத்தில் 3800 லிட்டர் ஹீலியம், 200 கோடி டாலருக்கு மேல் செலவு. அவ்வளவு பணம் கிடைக்கவில்லை. அப்போது பிராங்க் லோ என்ற விஞ்ஞானி, தொலைநோக்கியைச் சூடாகவே ஏவுவோம் என்றார். முதலில் விண்வெளியே அதைக் குளிர்விக்கட்டும், மிச்சத்துக்கு மட்டும் ஹீலியம் போதும்.

அதைப் படித்த அன்று அந்தப் பலகையின் சூடு என் உள்ளங்கைக்குத் திரும்ப வந்தது.

அப்படிப் பிறந்ததுதான் 2003-இல் போன ஸ்பிட்சர். பூமியும் ஓர் அடுப்புதான். அதனால் அதை விட்டு விலகி, சூரியனைச் சுற்றும் பாதையில் அனுப்பினார்கள். வெயிலில் மின்சாரம் தரும் சூரியத் தகடே குடையாக நின்றது. வெயில் பக்கம் உறை பளபளப்பு, மறுபக்கம் கறுப்பு. கறுப்பு வெப்பத்தை வெளியே தள்ளிவிடும். எடுத்துப் போன ஹீலியம் வெறும் 360 லிட்டர். கட்டி ஏவும் செலவு 100 கோடி டாலருக்குள் இறங்கியது. அந்த ஹீலியம் 2009 மே வரை வந்தது.

தீர்ந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிழலின் குளிர்ச்சியிலேயே அதன் கேமராவின் இரண்டு அலைவரிசைகள் 2020 ஜனவரி வரை வேலை செய்தன. சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் 7 கோள்களைக் கண்டுபிடிக்க ஸ்பிட்சர் உதவியது ஹீலியமே இல்லாத அந்தக் காலத்தில்தான்.

2025 மார்ச்சில் ஸ்பியரெக்ஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி போயிருக்கிறது. ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி 20 சென்டிமீட்டர், நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கூம்புகள் அதற்கு நிழல் தருகின்றன. ஹீலியம் ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை.

நன்றி, வணக்கம்.