ஒரு சாண் உயரத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய ஒர்க்‌ஷாப்புக்குள் போனவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் தூண்களுக்கு மேலே தண்டவாளம், அதன் மீது ஓடும் இரும்புப் பாலம், பாலத்தில் குறுக்கே போய்வரும் டிராலி, அதிலிருந்து கம்பி ரோப்பில் தொங்கும் ஹூக். நாங்கள் இதை ஈ.ஓ.டி. கிரேன் என்போம், அதாவது தலைக்கு மேலே மின்சாரத்தில் ஓடும் கிரேன். என் வேலைக்காலம் முழுக்க இதன் பராமரிப்பில்தான் போனது.

எத்தனை டன் தூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது பாலத்திலேயே பெரிதாக எழுதியிருக்கும். தூக்கியதைப் பிடித்து நிற்குமா என்பதுதான் எனக்குக் கவலை. அது பிரேக்கின் வேலை. காரில் காலால் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். கிரேனில் நேர்மாறு. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் பிரேக் டிரம்மை ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். கரண்ட் வந்தால்தான் அந்தப் பிடி விலகும். அதனால் பாதியில் கரண்ட் போனாலும் லோடு அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஆனால் டிரம்மைக் கவ்வும் பட்டையான லைனிங் தேய்ந்திருந்தாலோ, கியர் பாக்ஸ் எண்ணெய் கசிந்து டிரம்மில் பட்டிருந்தாலோ அந்தப் பிடியை நம்ப முடியாது.

2007 ஏப்ரல் 18 அன்று சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் ஓர் எஃகு ஆலையில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. சுமார் 30 டன் உருகிய எஃகோடு தொங்கிய கொப்பரை கட்டுப்பாடில்லாமல் இறங்கிக் கவிழ்ந்தது. பிரேக்கால் அதை நிறுத்த முடியவில்லை. பக்கத்து அறையில் ஷிப்ட் மாறுவதற்காகத் தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். 32 பேர் இறந்துபோனார்கள். உருகிய உலோகத்தைத் தூக்கும் கிரேனுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு வேண்டும். அங்கே ஓடியது சாதாரண கிரேன்.

அதனால்தான் கனமான லோடு எதுவானாலும் முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிரேக் டிரம்மில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால், அது நழுவுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் ஸ்லிங், அதாவது லோடை ஹூக்கில் மாட்டும் கம்பி ரோப். தண்ணீர் வாளியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கும்போது ஒட்டி நடந்தால் சுலபம். விலகி நடந்தால் தோள் கழன்றுவிடும். ஸ்லிங்கும் அப்படித்தான். 10 டன் லோடை இரண்டு ஸ்லிங் செங்குத்தாகத் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் 5 டன். அதே லோடுக்குக் குட்டை ஸ்லிங் மாட்டி, அது படுத்துப்போய், தரைமட்டத்துக்கு 30 டிகிரி கோணத்தில் நின்றால், ஒவ்வொன்றும் முழு 10 டன்னைத் தாங்க வேண்டும். லோடு கூடவே இல்லை, ஸ்லிங்கின் மேல் விழும் பாரம் இரட்டிப்பாகிவிட்டது!

சட்டமும் சும்மா இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கும் கருவிகளையும் ரோப்பையும் சங்கிலியையும் தகுதியானவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுசாகச் சோதிக்க வேண்டும் என்றது. தண்டவாளத்தில் ஆள் வேலை செய்தால் கிரேன் 6 மீட்டருக்குள் வரக் கூடாது என்பதும் அதில்தான் இருந்தது. ஆனால் ஸ்லிங் மாட்டுகிற அந்த நிமிடத்தில் சட்டம் பக்கத்தில் நிற்காது, ஒரு ஹெல்ப்பர்தான் நிற்பான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு நாள் பெரிய கியர் பாக்ஸ் ஒன்றை அவசரமாக லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. நீளமான ஸ்லிங் ஆலையின் அடுத்த பகுதியில் இருந்தது. போய் எடுக்க நேரமில்லை என்று குட்டை ஸ்லிங்கையே மாட்டினோம். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். ஒரு சாண் மேலே வந்ததும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பையன் "அண்ணே, இறக்குங்க!" என்று கத்தினான். கிட்டே போய்ப் பார்த்தேன். ஹூக்குக்குக் கீழே ஸ்லிங்கில் நாலைந்து கம்பி இழைகள் முறிந்து, முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

லோடை இறக்கினோம். நீள ஸ்லிங்கை எடுத்துவர நடந்தது பத்து நிமிடம். முறிந்த ஸ்லிங்கை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி, அப்போதே கேஸ் கட்டரால் மூன்று துண்டாக வெட்டிப் போட்டேன்.

வணக்கம்.