அனிமேவை 60 எஃப்பிஎஸ் ஆக்காதீங்கய்யா!

வணக்கம் மக்களே. லைட் சரியா விழல, பரவாயில்ல, இன்னிக்கு மூஞ்சி முக்கியமில்ல. செம கடுப்புல இருக்கேன். இந்த வாரம் யூடியூப் ஷார்ட்ஸைத் திறந்தா ஒரே '60 எஃப்பிஎஸ், 4கே' அனிமே சண்டையா வருது. எஃப்பிஎஸ்னா செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற கணக்கு, அனிமேன்னா ஜப்பான் கார்ட்டூன். கீழ "இப்பதான் நிஜப் படம் மாதிரி வழவழன்னு இருக்கு"ன்னு பாராட்டு வேற. அந்த வழவழப்புதான்யா வியாதி!

நம்ம பழைய ஆளுங்களுக்கு இது தெரியும். புதுசா வந்தவங்க மட்டும் கேளுங்க. சினிமா கேமரா செகண்டுக்கு 24 ஃப்ரேம் எடுக்குது. 180 டிகிரி ஷட்டர்னா ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 செகண்ட் திறந்திருக்கும். அதுக்குள்ள கை அசைஞ்சா, கை இழுவிக்கிட்டுப் பதியும். டைரக்டர் கேட்காமலே வரும். அனிமேல எதுவும் கேட்காம வராது. ஃப்ரேம் அதே 24, ஆனா ஓவியம் பெரும்பாலும் 12, இல்லாட்டி 8. ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தினா 'நிகோமா', மூணு நிறுத்தினா 'சன்கோமா'. இழுவல் வேணும்னா அனிமேட்டரே கையை ரப்பர் மாதிரி நீட்டி, ஒரு கைக்கு நாலு கையா வரைவார். அது ஒரு ஃப்ரேமோ ரெண்டு ஃப்ரேமோதான் நிக்கும்.

இப்ப 60 ஆக்குற சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல இல்லாததைக் கற்பனை பண்ணிச் சொருகும். நிஜப் படத்துல அடுத்தடுத்த ஃப்ரேம் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால ஏதோ சமாளிச்சிடும். சன்கோமாவுல மூணு ஃப்ரேம் சிலை மாதிரி நின்னுட்டு நாலாவதுல கை அந்தப் பக்கம் போயிருக்கும். சாஃப்ட்வேர் குழம்பிடும். கோடு கிழியும், நீட்டின கை மெழுகு மாதிரி உருகும். அடி விழுற நேரத்துல ஒரு ஃப்ரேம் மட்டும் கறுப்பு வெள்ளையா வெட்டுமே, அது சாம்பல் கலர்ல கரைஞ்சு அடியோட வலியே போயிடும்.

நம்பாதவங்க நீங்களே எண்ணிப் பாருங்க. கம்ப்யூட்டர்ல வீடியோ ஓட்டுற விஎல்சி பிளேயர்ல படத்தை நிறுத்திட்டு 'ஈ' பட்டனைத் தட்டினா ஒவ்வொரு ஃப்ரேமா முன்னாடி போகும். 24 தட்டு தட்டுங்க, படம் மாறுறப்பல்லாம் பேப்பர்ல ஒரு கோடு போடுங்க. 8 கோடுன்னா சன்கோமா. ஆனா விஎல்சில ஒரு தொல்லை. நான் வச்சிருக்கிற 3ஆம் வெர்ஷன்ல பின்னாடி போக வழியே கிடையாது. ஒரு ஃப்ரேம் தவறினா மறுபடி முதல்லேர்ந்து. அதுக்குத்தான் எம்பிவின்னு இன்னொரு பிளேயர். முற்றுப்புள்ளி தட்டினா முன்னாடி, கமா தட்டினா பின்னாடி. கமா தட்டினா பின்னாடி, மக்களே! இந்தக் கமாவுக்குக் கோயிலே கட்டலாம். யூடியூப்லயும் நிறுத்தி வச்சா இதே ரெண்டு பட்டன் வேலை செய்யும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எம்பிவில 'ஐ' பட்டனைத் தட்டி 23.976ன்னு, அதாவது கிட்டத்தட்ட 24ன்னு, இருக்கான்னு பாருங்க. 29.97ன்னு இருந்தா டிவிக்காக ஃப்ரேம் திணிச்சிருக்கலாம், கணக்கு தப்பும். அப்புறம் பின்னணியையும் ஆளையும் தனித்தனியா எண்ணணும். வானம் ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், அதுக்கு முன்னாடி நிக்கிற ஆள் சன்கோமாவுல இருப்பார்.

"ஓவியத்தைக் குறைக்கிறது கஞ்சத்தனம்தானே ப்ரோ?" ஆரம்பம் கஞ்சத்தனம்தான், மறுக்கல. 1963ல தெசுகா ஒசாமு 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் அரை மணி நேரம் கொடுக்க வேண்டியிருந்துச்சு. காசும் இல்ல, ஆளும் இல்ல. ஓவியத்தைக் குறைச்சார், வரைஞ்சதையே திரும்பத் திரும்பப் போட்டார். ஆனா அடுத்து வந்த இயக்குநர் தெசாகி ஒசாமு, உச்சக்கட்டத்துல படத்தையே உறைய வச்சு பாஸ்டல் ஓவியமா மாத்தினார். பஞ்சத்துல பழகின கை, விருந்துலயும் அதே ருசியைக் கேட்டுச்சு.

கோட்டுல வரைஞ்சதை நிஜ ஆளை வச்சு எடுக்க முடியுமான்னா, அதுக்கு உதாரணம் 'கோஸ்ட் இன் த ஷெல்'. ஓஷீ மமோருவோட 1995 அனிமே படம், 82 நிமிஷம் சொச்சம். நடுவுல மூணு நிமிஷத்துக்கு மேல ஒரு வசனம் கிடையாது. மழை, நகரம், கவாய் கெஞ்சியோட இசை. கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மைகள் நிக்கும். இதுல விஷயம் என்னன்னா, எந்திர உடம்புக்காரி கதாநாயகி மேஜரும் வரைஞ்ச கோடு, பொம்மையும் வரைஞ்ச கோடு. மேஜர் அரிதாத்தான் கண் சிமிட்டுவாங்க, ஏன்னா சிமிட்டலையும் யாராவது வரைஞ்சாத்தான் உண்டு. இவங்க மனுஷியா எந்திரமாங்கிற கேள்வியை யாரும் பேசியே ஆகணும்னு இல்ல, கண்ணுக்கு முன்னாடி நிக்குது. 2017ல ஹாலிவுட் எடுத்ததுல ஸ்கார்லெட் ஜோஹான்சன். அனிமேல மேஜர் தண்ணிக்குள்ள போடுற சண்டையை மறுபடி எடுத்தாங்க, செட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடிகை மூச்சு விட்டாலே மனுஷி. பொம்மைன்னா பிளாஸ்டிக். பார்த்தவுடனே விடை தெரிஞ்சிடுது, அப்புறம் வசனம் பேசித்தான் சந்தேகத்தை உண்டாக்கணும்.

லைவ் ஆக்‌ஷனே ஆகாதுன்னு சொல்லல. நிஜ ஆளுங்களை வச்சு எடுத்த 2012 சாமுராய் படம் 'ருரோனி கென்ஷின்'ல கால் மண்ணைத் தேய்ச்சுத் திரும்புற அந்த எடை, அதைக் கோட்டுல கொண்டு வர ராட்சச உழைப்பு வேணும். அவங்க ஓவியத்தைக் காப்பி அடிக்காம உடம்பை நம்பினாங்க, ஜெயிச்சாங்க.

தமிழ் டப் பத்தி கேட்டிருந்தீங்க. 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்லயே வந்துச்சே, உதடு ஏன் அவ்வளவா உறுத்தலன்னு. டிவி அனிமே மரபுல வாய்க்கு மூடினது, பாதி, திறந்ததுன்னு மூணு ஓவியம்தான் அடிப்படை, குரலே பின்னாடிதான் சேர்ப்பாங்க. நிஜ நடிகர் முகம்னா, அவர் உதடு ஒட்டாத இடத்துல ப, ம வந்துடக் கூடாது. டப்பிங் எழுதுறவர் பாதி வசனத்தை நிரோட்டகமா, அதாவது உதடு ஒட்டாத எழுத்தா, எழுத வேண்டியதுதான்! விதிவிலக்கு 1988 'அகிரா'. அங்க குரலை முதல்ல பதிவு பண்ணி, அதுக்கு வாய் வரைஞ்சாங்க.

சரி, டிவி. அதுவும் இதே மாதிரி நடுவுல ஃப்ரேம் சொருகும். எல்ஜின்னா 'ட்ரூமோஷன்', சோனின்னா 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்ல 'ஆட்டோ மோஷன் ப்ளஸ்' இல்லாட்டி 'பிக்சர் கிளாரிட்டி'. எதுவா இருந்தாலும் ஆஃப். எல்ஜில 'சினிமாட்டிக் மூவ்மென்ட்'னு ஒண்ணு நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கும், அதுவும் கொஞ்சம் சொருகும், ஏமாறாதீங்க. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தா அதை வச்சாலே போதும். செகண்டுக்கு 120 தடவை படம் காட்டுற 120 ஹெர்ட்ஸ் பேனலைத் திட்டாதீங்க, அது வேற. 24ஐ அஞ்சு தடவை காட்டினா 120, சமமா வரும். 60ல ஒண்ணை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு நொண்டும்.

ஆங், ஒண்ணு! ஹெச்டிஎம்ஐ 1ல ஆஃப் பண்ணினா 2க்கும் போயிடும்னு நினைக்காதீங்க. டால்பி விஷன்ங்கிற பளிச் வீடியோ வகையில படம் ஓடுறப்ப செட்டிங்ஸ் தனி. ஓட விட்டு, அங்க போய் இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க.