கரி மிதக்குதா? அப்போ ஃபில்டர் இன்னும் ரெடியாகல

வணக்கம் மக்களே! இன்னைக்கு கோவத்தோடதான் கேமராவை ஆன் பண்ணேன். "பயோசாரை (காத்து அதிகம் படாம சுட்டெடுத்த கரி) டிரம்ல கொட்டு, அழுக்குத் தண்ணியை ஊத்து, முடிஞ்சுது"ன்னு வரிசையா வீடியோ வருது. பாதி வீடியோல கரி மேலயே மிதந்துக்கிட்டு இருக்கு! மிதக்குதுன்னா துளைக்குள்ள காத்து நிக்குதுன்னு அர்த்தம். தண்ணியே உள்ள போகலைன்னா அழுக்கு எங்க போய் ஒட்டும்?

ஊற வைங்க. முழுசா 24 மணி நேரம், மேல கல்லு வச்சு அமுக்கி. குட்டிக் குட்டிக் குமிழா காத்து வரும், கரி ஒண்ணொண்ணா அடியில உக்காரும். குமிழ் நிக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. எத்தனை வீடியோல சொல்லியிருக்கேன், இன்னும் சொல்லுவேன்.

ஐயோ, அதுக்கு முன்னாடி சலிக்கணும், விட்டுட்டேன் பாருங்க. 2லேருந்து 5 மில்லிமீட்டர் துண்டு போதும், தூள் இருந்தா அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி தெளியுற வரைக்கும் அலசணும். சாம்பலும் போகணும், அதுதான் பி.எச்.சை, அதாவது தண்ணியோட காரத்தன்மையை ஏத்திவிடும். உமிக் கரியில சாம்பல் ஜாஸ்தி, பெரும்பாலும் சிலிக்கா, அலசினாலும் போகாது. எனக்கு எப்பவும் கொட்டாங்குச்சிக் கரிதான்: கெட்டி, நொறுங்காது. ஒடிச்சா 'டிங்'னு கேக்கணும். விரல்ல பிசுபிசுன்னு ஒட்டி தார் வாசனை அடிச்சா அரைவேக்காடு, போடவே போடாதீங்க.

200 லிட்டர் டிரம்முக்கு அடியில ஒரு சாண் ஜல்லி, 100 லிட்டர் கரி, மேல நாலு விரல் மணல். மணிக்கு 100 லிட்டருக்கு மேல விடாதீங்க. கரியோட அளவை ஓட்டத்தால வகுத்தா, தண்ணி கரியோட ஒட்டி நிக்க கணக்குக்கு 1 மணி நேரம் கிடைக்கும். குழாயை முழுசா திறந்தா தண்ணி ஓரமா வழி பிடிச்சு ஓடிடும். சமையலறைத் தண்ணின்னா முன்னாடி எண்ணெய் பிடிக்கிற தொட்டி கட்டாயம். எண்ணெய் துளையை மூடிடுச்சுன்னா கரி அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் எடுத்துரும்"னு சொல்றதுதான் எனக்கு ஆகவே ஆகாது. சாயம், நாத்தம், பூச்சிமருந்து எச்சம் பிடிக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நழுவிடும், ஏன்னா கரியோட மேற்பரப்புல இருக்கிற மின்சுமையும் மைனஸ், அதுங்களும் மைனஸ், ஒண்ணை ஒண்ணு தள்ளும். பாஸ்பேட் பிடிக்கணும்னா, கரியாக்குறதுக்கு முன்னாடியே மக்னீசியம் குளோரைடு கரைசல்ல ஊறவச்சுக் காயவைக்கணும். கிருமி விஷயத்துல இதை நம்பாதீங்க, குடிக்கவே கூடாது.

வெளிய வர்ற தண்ணில நாத்தம் திரும்பினா கரியை மாத்துங்க. வீட்டுத் தண்ணி பிடிச்ச கரியை எருவோட மக்க வைக்கலாம். சாயத் தண்ணி, உலோகத் தண்ணி பிடிச்சதை மண்ணுல போடாதீங்க, தனியா மூடி வைங்க.