வண்டி போன பிறகு

நண்பர்களே,

காகிதம், புட்டி, டப்பா எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து வாசலில் வைக்கிறோம். வண்டி அள்ளிக்கொண்டு போகிறது. மறுசுழற்சி முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். இன்னும் தொடங்கவே இல்லை. யாராவது காசு கொடுத்து வாங்கும் வரை அது குப்பைதான்.

வண்டி போய்ச் சேருவது தரம்பிரிக்கும் கூடம். ஓடும் பட்டையில் எல்லாம் கொட்டப்படுகிறது. பக்கத்தில் மனிதர்கள் நின்றுகொண்டு வரக்கூடாததைக் கையால் பொறுக்குகிறார்கள். அந்தக் குவியலில் ஊசி இருக்கும், உடைந்த கண்ணாடி இருக்கும், நசுங்கினால் தீப்பிடிக்கும் லித்தியம் பேட்டரியும் இருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பிறகு சுழலும் தட்டுகள் அட்டைகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். காந்தம் இரும்பு டப்பாவை இழுக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே, அதற்கு என்ன செய்வார்கள்? பட்டையின் முனையில் காந்த உருளை ஒன்று வேகமாகச் சுழலும். அது டப்பாவுக்குள் மின்னோட்டத்தைத் தூண்ட, டப்பா தானாகவே எகிறித் தனித்தொட்டியில் விழும். பிளாஸ்டிக் எந்த வகை என்று ஒரு கருவி அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும், காற்றுக்குழல் ஊதிப் பிரிக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பெரும்பாலும் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கருவியின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கடைசியில் பொதி கட்டி விற்கிறார்கள். அலுமினியத்துக்கு வாங்க ஆளுண்டு. தாதுவிலிருந்து எடுப்பதைவிட இதை உருக்குவதில் ஆற்றல் 95 சதவீதம் மிச்சம். கண்ணாடியை எத்தனை முறையும் உருக்கலாம். காகித நார் சுற்றுக்குச் சுற்று குட்டையாகி, ஐந்தாறு சுற்றில் ஓய்ந்துவிடும்.

பிளாஸ்டிக்தான் துயரம். பொருளின் மேல் முக்கோணத்துக்குள் உள்ள எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சியாகும் என்று சொல்வதில்லை. 1, 2 என்று குறித்தவற்றுக்கு ஓரளவு சந்தை உண்டு. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2018 தொடக்கத்தில் சீனா வீட்டுப் பிளாஸ்டிக் கழிவையும் தரம்பிரிக்காத காகிதத்தையும் வாங்குவதை நிறுத்தியது. பல நாடுகளில் பொதிகள் தேங்கின. கொஞ்சம் எரிந்தது, கொஞ்சம் மண்ணுக்குள் போனது. நல்லெண்ணத்தோடு கழுவிக் காயவைத்துக் கொடுத்தவர்களின் பொருளும் அதில் இருந்தது.

ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வைக்கிறோமே, அந்தப் பை சுழலும் தட்டுகளில் சுற்றிக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். ஒருவர் கத்தியோடு உள்ளே ஏறி, ஒவ்வொன்றாக அறுத்தெடுக்கிறார்.