செத்த பிரிவின் கீழ் ஒரு வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பற்றிப் பேச அழைத்தார்கள். அது பெரிய கடல். நான் கீழ்க் கோர்ட்டில் வழக்காடுகிறவன். அதனால் என் மேஜைக்கு வந்துபோகும் ஒரே ஒரு காகிதத்தை வைத்துப் பேசுகிறேன்: எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை.

அதில் மேலே மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண், தேதி இருக்கும். அடுத்த வரிசையில் சட்டம், பிரிவு. கட்சிக்காரர் கடைசிப் பக்கத்திலுள்ள கதையைத்தான் முதலில் படிப்பார், 'சார், நான் இப்படிச் சொல்லவே இல்லை' என்பார். வக்கீல் பார்ப்பது அந்த இரண்டாவது வரிசையைத்தான். பல ஆண்டுகள் அந்தக் கட்டத்தில் உயிரே இல்லாத ஒரு பிரிவு எழுதப்பட்டு வந்தது. 66ஏ.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. அப்போது 66ஏ அதில் கிடையாது. 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தபோதுதான் அது நுழைந்தது. மறு ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்தது. கணினி வழியாகவோ செல்போன் வழியாகவோ மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. பொய் என்று தெரிந்தே எரிச்சல் ஊட்டவோ, அசௌகரியம் தரவோ, அவமதிக்கவோ திரும்பத் திரும்ப அனுப்பினாலும் அதே தண்டனை. எரிச்சல் என்றால் எவ்வளவு எரிச்சல்? யாருக்கு? சட்டத்தில் விளக்கம் இல்லை. இந்த வாசகங்களின் பூர்வீகம் பிரிட்டனின் 1935-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத் திருத்தம். தொலைபேசியில் ஆபாசமாகவும் மிரட்டலாகவும் பேசுகிறவர்களைப் பிடிக்க எழுதியது. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தொல்லை செய்வதற்கான சட்டத்தை, ஊரே படிக்கும் ஃபேஸ்புக் பதிவுக்குப் போட்டால் என்ன ஆகும்?

ஆனதைப் பார்த்தோம். 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர், முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அக்டோபரில் நம் பக்கத்துப் புதுச்சேரி. சிறு தொழில் செய்பவர் ஒருவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதற்கும் கைது. நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர். பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை ஏன் மூடிக்கிடக்க வேண்டும் என்று ஓர் இளம்பெண் கேட்டார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பால்கர் செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஷ்ரேயா சிங்கால் என்ற மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹிண்டன் நாரிமனும் 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தார்கள். 'பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம்' என்று அரசுத் தரப்பில் உறுதி சொல்லிப் பார்த்தார்கள். அரசுகள் வரும், போகும், 66ஏ இருந்துகொண்டே இருக்கும், ஆகவே அந்த உறுதியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அதே தீர்ப்பில், இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ தப்பித்துக்கொண்டது. அதன் கதை இன்னொரு நாளைக்கு.

தீர்ப்பு வந்த அன்று பட்டாசு வெடிக்காத குறைதான். அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

வழக்குகள் நிற்கவில்லை. பியூசிஎல் என்ற மக்கள் உரிமை அமைப்பு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம், தீர்ப்பின் நகலை எல்லா மாவட்ட நீதிமன்றங்களுக்கும் உயர் நீதிமன்றங்கள் வழியாக அனுப்பச் சொன்னது. தலைமைச் செயலாளர்கள் வழியாகக் காவல்துறைக்கும் போக ஏற்பாடு செய்தது. யோசித்துப் பாருங்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், தன் தீர்ப்பைத் தானே தபால் போட வேண்டிய நிலை! அதற்குப் பிறகும், 2021 மார்ச் கணக்குப்படி 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாக பியூசிஎல் காட்டியது. நீதிபதி நாரிமன், பிரிவை ரத்து செய்த அதே நாரிமன், அதிர்ந்துபோனார்.

எப்படி இது சாத்தியம் என்ற கேள்விக்கு மத்திய அரசின் அப்போதைய தலைமை வழக்கறிஞர், அதாவது அட்டர்னி ஜெனரல், கே.கே.வேணுகோபால் சொன்ன பதிலைக் கேட்டால் சிரிப்பு வரும், கோபமும் வரும். சட்டப் புத்தகத்தில் 66ஏ அப்படியே அச்சாகிறது. ரத்தான செய்தி பக்கத்தின் அடியில், அடிக்குறிப்பில் இருக்கிறது. வழக்குப் பதிகிற போலீஸ்காரர் பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

என் மேஜையிலும் அப்படி ஒரு பதிப்பு இருந்தது. பிரிவு முழுக்கப் பெரிய எழுத்தில். தலைக்கு மேல் எறும்பளவுக்கு ஓர் எண். அந்த எண்ணைத் தேடிக் கண்ணைக் கீழே இறக்கினால் ஒரே வரி. இரவுப் பணியில், வாசலில் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது, புகாரை எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் அந்த எண்ணைக் கவனிப்பாரா? அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அதைப் பார்த்த இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை, காவலில் வைக்க உத்தரவிட்ட மாஜிஸ்திரேட்டும் கேட்கவில்லை. சில நேரம் எங்கள் ஆட்களே அந்த ஆட்சேபத்தை எடுக்காமல் ஜாமீன் மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

2021 ஜூலையில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2022 அக்டோபரில் தலைமை நீதிபதி யு.யு.லலித் அமர்வு, இனி யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக்கூடாது, நிலுவை வழக்குகளிலிருந்து 66ஏ நீக்கப்பட வேண்டும் என்றது. கடைசியில் 2023-இல் தான் நாடாளுமன்றம் அதைப் புத்தகத்திலிருந்தே எடுத்தது. அதுவும் எந்தச் சட்டத்தில்? தொழில் நடத்துவதை எளிதாக்க 42 சட்டங்களைத் திருத்திய ஜன் விஷ்வாஸ் சட்டத்தில். பேச்சுரிமைக்காக என்று யாரும் மார் தட்டிக்கொள்ளவில்லை. மூன்றாண்டுச் சிறை என்று நிறைவேற்றுவதற்கு ஒரு டிசம்பர் மாதம் போதுமாக இருந்தது; ரத்தானதை எடுப்பதற்கு எட்டு ஆண்டு பிடித்தது.

தீர்ப்பைக் கடைசிக் காவல் நிலையம் வரை கொண்டுசேர்ப்பது இன்னாருடைய வேலை என்று எனக்குத் தெரிந்து நம் நாட்டில் எங்கும் எழுதப்படவில்லை. புதுச் சட்டம் வந்தால் பயிற்சி வகுப்பு உண்டு, சுற்றறிக்கை உண்டு. ஒரு சட்டம் செத்தால் வகுப்பு கிடையாது. இந்த வேலைக்கு மாநிலந்தோறும் ஓர் அதிகாரி வேண்டும் என்பது என் வாதம்.

சரி, 66ஏ போய்விட்டது, இனி எதையும் எழுதலாமா? அப்படி நினைத்துவிட வேண்டாம். பகைமையைத் தூண்டுவது, வதந்தி பரப்புவது என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353 இருக்கின்றன. அவை செல்லுபடியாகும் பிரிவுகள். அன்று 66ஏ எழுதிய கட்டத்தில் இன்று இவற்றை எழுதுகிறார்கள். ஆனால் இவற்றை நிரூபிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. யாருக்கோ எரிச்சல் வந்தது என்பது மட்டும் போதாது.

ஆகவே உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ 'ஒரு போஸ்ட் விஷயமாக ஸ்டேஷனுக்கு வாருங்கள்' என்று போன் வந்தால், பதறிப்போய் பதிவை அழிக்காதீர்கள். அதை ஆதாரத்தை அழித்ததாகத் திருப்பிப் போடலாம். எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, தேவை ஏன் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும் என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உத்தரவு; பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் விண்ணப்பித்தும் நகல் வாங்கலாம். வாங்கியதும் கதையை அப்புறம் படியுங்கள். முதலில் அந்த இரண்டாவது வரிசையைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.